ஜட்ஜ் வீட்டுத் தகரப்போசி

அந்தப் பையை இப்படிக் குடுங்க தம்பி, காலுக்கடியில வெச்சுக்கறேன். ஆங், அவ்வளவுதான். மெட்ராஸ் வரைக்குமா? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆள் கிடைச்சுது. சொந்த ஊரு எது? நாமக்கல்லா! அட, நம்ம பக்கம். நாமக்கல்லுன்னா டவுனேவா, இல்ல பக்கத்துல ஏதாவது... டவுனேவா. டவுன்ல எந்தத் தெருவுன்னு... சரி சரி, விடுங்க. சும்மாதான் கேட்டேன். வயசானவன் பழக்கம்.

நான் பெருந்துறைங்க. வக்கீல் நாச்சிமுத்துன்னா ஈரோட்டுக் கோர்ட்டுல டீக்கடைக்காரன் வரைக்கும் தெரியும். பையன் வீட்டுக்கு வந்தேன். திரும்பற பிளேன் டிக்கெட்டு மாசி மாசத்துக்குத்தான் போட்டிருந்தான். கார்த்திகையிலயே கிளம்பிட்டேன். மருமகளோட சண்டையான்னு கேக்காதீங்க. சண்டை போட்டுட்டு வந்திருந்தாக்கூட நெஞ்சு நிமித்தி வருவேன். நான் வெக்கம் தாங்காம ஓடியாறேன் தம்பி. எழுபது வயசுல, பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஓடற பொடியனாட்டம்.

கேளுங்க சொல்றேன். தூக்கம் வந்தா தூங்கிக்கங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

எம் பையன் பூபதி அமெரிக்காவுல, கென்டக்கில ஒரு சின்ன ஊர்ல இருக்கான். மருமக பேரு யசோதரா. அங்க காலேஜ்ல கணக்கு சொல்லித்தருது. பையன் அவனாப் பாத்துக் கட்டிக்கிட்டது. வேலூர்ப் பக்கம். அவங்க... காலனிக்காரங்க. நான் அதெல்லாம் பாக்கறவன் இல்லீங்க. ஒறம்பரை, சொந்தக்காரங்கள்ல பாதிப்பேரு பேச்சை நிறுத்தினாங்க, போங்கடான்னு விட்டுட்டேன். கல்யாணத்துக்குப் போனேன், முன்னால உக்காந்தேன், போட்டோவுலகூட இருக்கேன். அந்தப் பொண்ணு ஆக்கிப் போட்டதைச் சாப்பிடறேன். ஒரு மாமனாரு இதுக்கு மேல என்னங்க பண்ணணும்?

நல்ல பொண்ணு, பொய் சொல்லக்கூடாது. நான் பகலெல்லாம் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு அதுதான் சொல்லுச்சு: "மாமா, இங்க ஒரு பழைய ஜட்ஜோட வீட்டை மியூசியமா வெச்சிருக்காங்க. வர்றவங்களுக்குச் சுத்திக்காட்ட ஆள் தேடறாங்க. சம்பளம் கிடையாது. உங்களுக்குப் பேசறதுன்னா பிடிக்குமே, போறீங்களா?" பேசறதுன்னா பிடிக்குமேன்னு சொன்னதுல ஒரு குத்தல் இருந்துச்சோ என்னமோ. எனக்கு அப்பத் தெரியல.

போனேன். ஐயோ, அந்த ஜட்ஜ் லாக்வெல்லோட கதையைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. நூத்தைம்பது வருஷத்துக்கு முந்தின மனுஷன். அப்பன் தோல் பதனிடறவன். இவரு ஒரு வக்கீலோட ஆபீஸுல தரை கூட்டிக்கிட்டே சட்டம் படிச்சிருக்காரு. குதிரையில ஊர் ஊராப் போயி மரத்தடியில கேஸ் நடத்தியிருக்காரு. அப்பறம் சட்டசபைக்கு நின்னு தோத்தாரு, மறுக்கா நின்னு ஜெயிச்சாரு. கடைசியில ஜட்ஜு. அவரு எழுதின தீர்ப்பு ஒண்ணைக்கூட மேல் கோர்ட்டுல உடைக்க முடியலையாமா! நான் யாரு? வக்கீல். அது ஒண்ணு மட்டும்தான் எனக்கு வாய்ச்சுது. யூனியன் சேர்மனுக்கு நின்னு டெபாசிட் போச்சு. முன்சீப் பரீட்சை எழுதி எழுதிக் கை வீங்குனதுதான் மிச்சம். எனக்கு வாய்க்காததெல்லாம் அந்த மனுஷனுக்கு வாய்ச்சிருந்துச்சு. பொறாமை இல்லீங்க. பெருமை. ஏதோ நம்ம சித்தப்பா கதையைக் கேட்ட மாதிரி.

கறுப்புக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கிட்டு நிப்பேன். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன், இந்த மேஜையிலதான் அந்தத் தீர்ப்புகள் எழுதப்பட்டன"ன்னு ஆரம்பிச்சா வெள்ளைக்காரங்க வாயைப் பொளந்துட்டுக் கேப்பாங்க. அவரு அடிமைங்க வெச்சிருந்தாரு, அதையும் சொல்லுவேன். ஒளிக்கறதில்ல. சொல்லிட்டு, அந்தக் காலத்துல எல்லாரும்தான் வெச்சிருந்தாங்கன்னு ஒரு வார்த்தை சேத்துக்குவேன். வக்கீல் இல்லீங்களா, கட்சிக்காரனை விட்டுக்குடுக்க முடியுமா?

மியூசியத்தைப் பாத்துக்கற அம்மா பேரு டெப்ரா. ஒரு நாளு என்னை வீட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் கூட்டிட்டுப் போச்சு. அங்க சமையக்கட்டு தனியா இருக்குது, வீட்டோட ஒட்டாம. அதோட வெளிச்சுவத்துல வரிசையா ஆணி அடிச்சு, ஆணிக்கு ஒண்ணா தகரப்போசி தொங்குது. நசுங்கின சின்னச் சின்னத் தகரக் குவளைங்க. கீழ ஒரு அட்டை: எதுக்குப் பயன்பட்டதென்று தெரியவில்லை. டெப்ராம்மா சொல்லுது, "உள்ள அலமாரி நிறையப் பீங்கான் இருக்குது. இதை மட்டும் ஏன் வெயில்லயும் மழையிலயும் வெளிய தொங்கவிட்டாங்கன்னு பெரிய பெரிய புரொஃபசருங்க வந்து பாத்தும் உறுதியாச் சொல்ல முடியல."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தம்பி. இதுக்குப் புரொஃபசரு வேணுமா? எங்க தோட்டத்துச் சாளை வீட்டுல, கூரை எறவாரத்துல இதே மாதிரி சொருகி வெச்சிருப்போம். வேலைக்கு வர்றவங்க அவங்கவங்க போசியை எடுத்து நீட்டுவாங்க, எங்கம்மா மேலிருந்து ஊத்தும். குடிச்சுட்டுக் கழுவி மறுபடியும் எறவாரத்துல சொருகிட்டுப் போவாங்க. வீட்டுக்குள்ள வராது. அவ்வளவுதான் சமாச்சாரம்.

சொன்னேன். டெப்ராம்மா என்னையே பாத்துட்டு நிக்குது. "மிஸ்டர் நாச்சி, உங்களுக்கு இது நேராத் தெரியுமா?"ங்குது. "என் கண்ணால பாத்து வளந்தேன்"னேன். அந்தம்மா கண்ணுல தண்ணி. நான் என்ன நினைச்சேன்? பெரிய புதிரை அவுத்துட்டோம், சந்தோஷத்துல அழுவுதுன்னு நினைச்சேன். அடுத்த மாசம் ஒரு விழா இருக்குது, ஜட்ஜோட வாரிசுங்களும் வர்றாங்க, அந்த வீட்டு அடிமைங்களோட வாரிசுங்களும் வர்றாங்க, நீங்க இதை மேடையில சொல்லணும்னு கேட்டுச்சு. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கரும்பு தின்னக் கூலியான்னு தலையாட்டிட்டேன்.

விழாவுக்குப் பையனும் மருமகளும் வந்தாங்க. மூணாவது வரிசை. ஒரு பக்கம் வெள்ளைக்காரங்க, ஒரு பக்கம் கறுப்பினத்துக்காரங்க, நடுவுல நடைபாதை. நான் கோட்டுப் போட்டுக்கிட்டு மைக்குல பேசறேன். கோர்ட்டுல காலமெல்லாம் இங்கிலீஷ்ல கத்தினவன், எனக்கென்ன பயம்? எறவாரத்தைச் சொன்னேன், போசியைச் சொன்னேன், மேலிருந்து ஊத்தறதைக் கையால நடிச்சே காட்டினேன். யாரு குடிச்சாங்கன்னு சொல்லணுமில்ல? அங்கதான் தம்பி என் நாக்கு என்னைக் கவுத்துருச்சு.

லேபரர்ஸ்னு சொல்லியிருக்கலாம். சர்வன்ட்ஸ்னு சொல்லியிருக்கலாம். டிக்‌ஷனரியே மனப்பாடம் எனக்கு. ஆனா வாயில வந்தது என்ன? எங்கப்பா சொல்லுவாரு பாருங்க, "நம்ம ஆளுங்க வந்துட்டாங்களா? நம்ம ஆளுங்களுக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" அந்த வார்த்தை. ஆளுன்னா நம்ம பக்கத்துல பண்ணையத்து ஆளு, வேலைக்கு நிக்கறவங்க. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதை அப்படியே இங்கிலீஷுல போட்டேன். "திஸ் கப் வாஸ் ஃபார் அவர் பீப்பிள்."

கறுப்பினத்துக்காரங்க பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் எந்திரிக்கறாரு. டொபையஸ்னு பேரு. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர், என் வயசு. அவரோட கொள்ளுப்பாட்டி அந்த வீட்டு அடிமை. மெதுவா மேடைக்கு வந்தாரு. வந்து ரெண்டு கையையும் விரிச்சு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "யூ டூ, பிரதர்"ங்கறாரு. நீயுமா தம்பின்னு. உடம்பு குலுங்குது அவருக்கு. என் தோளு கண்ணீர்ல நனையுது.

எனக்கு ஒரு நிமிஷம் புரியலீங்க. அப்பறம்தான் பிடிபட்டுது. அந்தப் போசியில குடிச்ச வம்சம் நானுன்னு நினைச்சுட்டாரு! மேலிருந்து ஊத்தின வம்சம்னு அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லலையே.

அப்பவே சொல்லியிருக்கலாம். ஒரு வரி. நோ சார், நான் அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். கோர்ட்டுல எத்தனை சாட்சியைக் குறுக்கு விசாரணையில மடக்கியிருக்கேன், என் வாயில இருந்து அந்த ஒரு வரி வரல. ஜனம் முழுக்க எந்திரிச்சு நின்னு கை தட்டுது. அத்தனை பேரு என் வாழ்நாள்ல எனக்குக் கை தட்டினதில்ல தம்பி. அதையும் சொல்லிடறேன், மறைச்சு என்ன ஆகப்போவுது? நல்லா இருந்துச்சு. அந்த நேரத்துக்கு நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருக்குது.

அதோட விட்டாங்களா? டொபையஸ் போயி சுவத்துல இருந்து ஒரு போசியைக் கழட்டிட்டு வந்தாரு. மியூசியச் சாமானைத் தொடக்கூடாதுன்னு சட்டம், டெப்ராம்மா ஒண்ணும் சொல்லல. தண்ணி ஊத்தி அவரு வாய் வெச்சுக் குடிச்சுட்டு, மிச்சத்தை எங்கிட்ட நீட்டறாரு. ரெண்டு கையாலயும்.

வாங்கினேன். வாங்கித் தலையை அண்ணாந்து, ஒரு சாண் உசரத்துல தூக்கி ஊத்திக் குடிச்சேன். வேணும்னு பண்ணலீங்க! சத்தியமா. நான் எங்கயும் அப்படித்தான் குடிப்பேன். எங்கம்மா குடுத்தாலும் அப்படித்தான், மருமக குடுத்தாலும் அப்படித்தான். எச்சல் பண்ணாம குடிக்கறது சுத்தம்னு சொல்லித்தானே வளத்தாங்க? பாதித் தண்ணி கோட்டுல ஊத்திருச்சு.

அந்த மனுஷனுக்கு அது எப்படிப் பட்டிருக்குது பாருங்க. வாய் வெக்கக்கூடாதுன்னு எங்களை மிரட்டி மிரட்டி இப்படிக் குடிக்கப் பழக்கியிருக்காங்கன்னு நினைச்சுட்டாரு. மைக்கைப் பிடிச்சு அதையே சொல்லவும் சொன்னாரு. சொல்லிட்டு, போசியில மறுபடியும் தண்ணி ஊத்தி, என்னை மாதிரியே அண்ணாந்து குடிச்சாரு. அவரு பக்கத்து ஜனம் ஒவ்வொருத்தரா வந்து அண்ணாந்து குடிக்குது. பழக்கமில்லாம மூக்குல ஏறி இருமுது, சிரிக்குது, அழுவுது. எனக்கு மரியாதை பண்றாங்களாமா. ஜட்ஜோட கொள்ளுப்பேத்தி ஒரு வெள்ளைக்காரக் கிழவி, அதுவும் வந்து அண்ணாந்து குடிச்சுட்டு எங்கிட்ட மன்னிப்புக் கேக்குது. எங்கிட்ட!

நான் மூணாவது வரிசையைப் பாத்தேன். பையன் தரையைப் பாத்துட்டு இருந்தான். மருமக என்னைப் பாத்துட்டு இருந்துச்சு. அதுக்குக் கோவம் இல்ல. கோவமா இருந்தாத் தேவலையே. வீட்டுல நான் தண்ணி குடிக்கறப்பெல்லாம் பாக்குமே, அதே பார்வை. இத்தனை நாளா அது என்ன பார்வைன்னு எனக்கு விளங்கினதில்ல.

வீட்டு வாசல்ல வண்டி நின்னப்பறம் யசோதராதான் சொல்லுச்சு. "அவரு உங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரு மாமா."

"தெரியும் கண்ணு. அந்தக் கூட்டத்துல எப்படிச் சொல்றது?"

"கூட்டத்துல வேண்டாம். தனியாச் சொல்லுங்க. நல்ல மனுஷனாத் தெரியறாரு."

சொல்றேன்னேன். நாளைக்குச் சொல்றேன், நாளானைக்குச் சொல்றேன்னு வாய்தா மேல வாய்தா. அதுல நமக்கு அனுபவம் பத்தாதா?

அதுக்குள்ள அந்த மனுஷனே வீடு தேடி வந்துட்டாரு. கையில அவரு சம்சாரம் சுட்ட பணியாரம், பீச் பழம் போட்டது. சோபாவுல என் பக்கத்துல உக்காந்து, என் கையை எடுத்து அவரு கைக்குள்ள வெச்சுக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை அவங்க சர்ச்சுல ஒரு பிரார்த்தனையாம். அந்தப் போசியில குடிச்சவங்க பேரை ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லி, ஒரு பேருக்கு ஒருதரம் மணி அடிப்பாங்களாம். அவரோட கொள்ளுப்பாட்டி பேரு ஹெஸ்டர். அவங்க தம்பி ஐசக். வித்துட்டாங்களாம் அவனை, அதுக்கப்பறம் சேதியே இல்லையாம். ஜட்ஜ் வீட்டுப் பின்பக்கத்துல இருந்த அத்தனை பேரையும் அவங்க குடும்பம் தேடித் தேடிச் சேத்து வெச்சிருக்குது. சொல்றப்ப ஒவ்வொரு பேருக்கும் நிறுத்தி நிறுத்திச் சொல்றாரு.

சொல்லிட்டு என்னைக் கேட்டாரு. "உங்க ஆளுங்கள்ல ஒரு பேரு குடுங்க பிரதர். அவருக்கும் மணி அடிக்கறோம்."

தம்பி, நான் என்ன பண்ணினேன் தெரியுமா? எங்க தாத்தா பேரைச் சொன்னேன். சென்னியப்பன்னு. எங்க சொந்தத் தாத்தா! தோட்டம், சாளை, எறவாரம் எல்லாத்துக்கும் சொந்தக்காரரு! கட்டில்ல உக்காந்துக்கிட்டு, வர்றவங்களைக் கைகட்டி நிக்க வெச்ச மனுஷனை அந்த அடிமைங்களோட வரிசையில கொண்டுபோயி நிறுத்திட்டேன். ஏன் சொன்னேன்னு கேட்டா எனக்கே தெரியல. பேரு கேட்டாரு, பேரு வந்துச்சு. அவரு கண்ணை மூடிக்கிட்டு, "சென்னியாப்பன், சென்னியாப்பன்"னு நாக்கு பழகற வரைக்கும் சொல்லிப் பாக்கறாரு. தப்பாச் சொல்லிடக்கூடாதாம். மரியாதைக் குறைவாயிருமாம். என் காதுக்குள்ள ஈயத்தைக் காய்ச்சி ஊத்தற மாதிரி இருந்துச்சு.

யசோதரா சமையக்கட்டு வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அவரு போனப்பறம் என் முன்னால வந்து உக்காந்துச்சு. "மாமா, ஞாயித்துக்கிழமை நானும் கூட வர்றேன். நீங்களே எந்திரிச்சு மாத்திச் சொல்லிருங்க. உங்களை யாரும் கடிச்சுத் திங்க மாட்டாங்க. வேற எதுக்கும் நான் உங்களைக் கேட்டதில்ல. இதை மட்டும் செய்யுங்க. செஞ்சீங்கன்னா இந்த வீட்டுல நீங்க எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கலாம். எங்கப்பாவைப் பாத்துக்கற மாதிரி பாத்துக்கறேன்."

அப்படி ஒரு வார்த்தை எம் பையன் வாயில இருந்துகூட வந்ததில்ல. ஊர்ல எனக்கு யாரு இருக்கா? சம்சாரம் போயாச்சு. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்தவன் நான். இருந்திருக்கலாம் தம்பி. ஒரு வாட்டி எந்திரிச்சு நின்னு பேசியிருந்தா இருந்திருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரியே பையன்கிட்ட, ஊர்ல ஒரு கேஸு அவசரமா வந்திருக்குதுன்னு டிக்கெட்டை மாத்தச் சொன்னேன். அவன் ஏன்னு கேக்கல. எந்தக் கிழமைன்னு மட்டும் கேட்டான். ஞாயித்துக்கிழமை காலையிலன்னேன்.

இன்னைக்குத்தான் தம்பி ஞாயித்துக்கிழமை.

ஏர்போர்ட்டுக்குப் பையன் வரல, தலைவலியாமா. மருமகதான் ஓட்டிட்டு வந்துச்சு. வெள்ளைச் சேலை கட்டிட்டு இருந்துச்சு. இங்கிருந்து நேரா சர்ச்சுக்குப் போவுதாம். "நீங்க சொல்ல மாட்டீங்க மாமா, நான் சொல்லிக்கறேன். உங்களை அசிங்கப்படுத்த மாட்டேன், பயப்படாதீங்க. சென்னியப்பன்ங்கற பேரை மட்டும் எடுக்கச் சொல்லிட்டு வேற பேரு குடுக்கணும்" அப்படின்னுச்சு. என் பெட்டியை அதுவே தூக்கி வெச்சுது. அப்பறம் என் முகத்தைப் பாத்துக் கேட்டுச்சு: "உங்க தோட்டத்துல ரொம்ப நாளா இருந்தவரு, நீங்க தோள்ல உக்காந்துட்டுப் போனதா உங்க பையன்கிட்டச் சொல்லுவீங்களாமே, அவரு பேரு என்ன மாமா? அவருக்கு மணி அடிக்கச் சொல்றேன்."

நான் வாட்சைப் பாத்தேன். நேரமாச்சு கண்ணு, ஞாபகம் வர மாட்டேங்குது, வயசாயிருச்சில்ல, உள்ள போயி யோசிச்சுப் போன் பண்றேன்னுட்டு வந்துட்டேன். பிளேன் கிளம்பினதுக்கப்பறம்தான் மூச்சே வந்துச்சு. இனி அதுவும் கேக்க முடியாது, நானும் சொல்ல முடியாது. மேல வந்துட்டா போன் வேலை செய்யாது, இல்லீங்களா?

என்னங்கறீங்க? செய்யுமா? இப்பல்லாம் பிளேன்லயே மெசேஜ் அனுப்பலாமா?

இல்ல, வேண்டாம். போனை உள்ள வைங்க தம்பி. உங்க நல்ல மனசுக்கு... வேண்டாம், சொன்னாக் கேளுங்க. நேரம் இருக்குதுதான். சர்ச்சு ஆரம்பிச்சே இருக்காது. அதில்லீங்க.

மறந்துபோச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னது பொய்யி. மறக்கணும்னா ஒருக்காவாவது தெரிஞ்சிருக்கணுமில்ல? அந்த ஆளு தோள்ல உக்காந்து தேர் பாத்திருக்கேன், கிணத்துல நீச்சல் பழகியிருக்கேன். எங்கப்பா "டேய்"னு கூப்பிடுவாரு, அந்த மனுஷன் ஓடி வருவாரு. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், அஞ்சு வயசுல இருந்து. அவரு பேரு என்னன்னு நான் கேட்டதே இல்லீங்க.